ஒரு டிஸ்பென்சரிக்கு இரண்டு கோப்பு

2019 மார்ச் மாதம். மாவட்டத்துச் சுகாதார அலுவலகம் ஒன்றின் மேசைக்கு முன்னால் நாங்கள் இருவர் நின்றுகொண்டிருந்தோம். நான் ஒரு கட்சியின் இளைஞர் அணிச் செயலாளர். பக்கத்தில் நின்றவன் எதிர்க்கட்சியின் இளைஞர் அணிக்காரன். ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே பள்ளிக்கூடம். அவன் எனக்கு ஒரு வகுப்பு இளையவன். முந்தின வருடத் தேர்தலுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வந்து, ஒரே பஸ்ஸிலிருந்து முன்வாசலாலும் பின்வாசலாலும் இறங்கியிருந்தோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் அம்மா இரண்டு கோப்புகளை எடுத்து வைத்தார். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம், தம்பி என்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற 'மல்லி'யோடு, தெரிந்த தமிழில் கேட்டார்: "மல்லி, இந்த ரெண்டு தோட்டமும் பக்கத்துல பக்கத்துலயா?"

இரண்டும் ஒரே தோட்டம். இரண்டு கோப்பும் கேட்டதும் ஒன்றே: தோட்டத்து டிஸ்பென்சரியை, அதாவது சிறு மருந்தகத்தை, அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும். என் கட்சியின் கடிதத்தில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருக்கிற வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். அவனுடைய கட்சியின் கடிதத்தில் நாங்கள் எல்லோரும் வாயால் சொல்கிற தமிழ்ப் பெயர். இலங்கையின் மலையகத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்துக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அலுவலகத்தில் இரண்டு கோப்பு திறந்திருந்தார்கள். இரண்டிலும் 'சம்பந்தப்பட்ட தரப்புகளிடம் விசாரிக்கவும்' என்று எழுதி, மொழிபெயர்ப்புக்கு அனுப்பி, திரும்பி வந்து, அப்படியே இருந்தன.

இந்த எழுத்து அந்த இரண்டு கோப்பைப் பற்றியது. எந்தக் கட்சி, எந்தத் தோட்டம் என்று சொல்லப்போவதில்லை. நானும் அதில் ஒரு கை என்பதால் நடுநிலை என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

மருந்து யாருடைய பொறுப்பு

வெளியில் இருப்பவர்களுக்கு முதலில் குழப்புவது இதுதான்: இலங்கையில் வைத்தியம் இலவசம், அரசாங்க ஆஸ்பத்திரி நாடு முழுக்க இருக்கிறது, பிறகு தோட்டத்துக்கு மட்டும் ஏன் தனி டிஸ்பென்சரி? விடை பழையது. கோப்பித் தோட்டங்களில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்த காலத்தில், 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் வந்தது. 1912இல் அது மறுபடி எழுதப்பட்டது. தொழிலாளியின் நோய்க்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். நாட்டில் மற்றவர்களுக்கு அரசாங்கம் வைத்தியம் பார்த்தபோது எங்களுக்குத் துரை பார்த்தார். 1948இல் குடியுரிமையும் போனபின், அரசாங்கத்திடம் கேட்கும் பழக்கமே எங்களுக்கு வரவில்லை.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. அவற்றை நடத்த ஜனவசம, அரச பெருந்தோட்ட யாக்கம் என்று இரண்டு அரச நிறுவனங்கள் வந்தன. அப்போதும் டிஸ்பென்சரி தோட்டத்தோடுதான் இருந்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. நிலம் 53 வருடக் குத்தகை, 2045 வரை. அந்தக் குத்தகைக்குள் தேயிலை மலை மட்டும் இல்லை. லயம் என்கிற வரிசை வீடுகள், பிள்ளைக் காம்பரா என்கிற குழந்தைகள் காப்பகம், டிஸ்பென்சரிக் கட்டடம் எல்லாம் அதற்குள்தான். மறுபக்கம், 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தோடு சுகாதாரம் மாகாண சபைக்குப் போயிருந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் திட்டம் தொண்ணூறுகளில் தொடங்கியது. சிலதை எடுத்தார்கள். பலதை எடுக்கவில்லை.

இதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். இதை வைத்து மேடையில் நானே பேசியிருக்கிறேன். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்த 32ஐக் குறைக்க எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

குளவி

எங்கள் தோட்டத்து டொக்டர் ஐயா 2017இல் ஓய்வு பெற்றார். படிப்பால் அவர் டொக்டர் இல்லை, தோட்ட வைத்திய உதவியாளர். ஆனால் எங்களுக்கு டொக்டர்தான். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போனார். மற்ற நாட்களில் கதவில் பூட்டு.

2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல். அந்த முறை நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளை ஆறாகப் பிரித்திருந்தார்கள். அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள். இளைஞர்களுக்குத் திடீரென்று இடம் கிடைத்த மாதிரி இருந்தது. நான் இரவு பகலாக வேலை செய்தேன். "டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுக்கும்" என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதியதே நான்தான். எதிர்க்கட்சியின் பிரசுரத்திலும் அதே வரி இருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினோம் என்று இன்றுவரை சண்டை. பிரதேச சபைக்கும் டிஸ்பென்சரியைப் பொறுப்பேற்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. தோட்டத்துக்குள் ஒரு பாதைக்குச் செலவழிக்கவே பிரதேச சபைச் சட்டத்தை அந்த ஆண்டுதான் திருத்தினார்கள்.

செப்டெம்பரில் மேல் டிவிஷனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. மலைநாட்டில் இது புதிய செய்தி இல்லை. பத்திரிகையில் மாதம் ஒருமுறையாவது வரும். சிலருக்கு வீங்கி வலிப்பதோடு போய்விடும். ஒவ்வாமை உள்ள உடம்பென்றால் மூச்சுக்குழாய் அடைக்கும், இரத்த அழுத்தம் இறங்கும். அட்ரினலின் ஊசி சில நிமிடங்களுக்குள் போட வேண்டும். அன்று டிஸ்பென்சரி பூட்டியிருந்த நாள். கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒன்றேகால் மணி நேரம். எட்டுப் பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். வராதவர் என் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்.

அன்று பின்னேரமே இரண்டு கட்சித் தலைவர்மாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தோடம்பழம், ஹோர்லிக்ஸ், போட்டோ. எங்கள் தலைவர் முதலில் வந்துவிட்டார் என்பதற்காக நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று ராத்திரி முகநூலில் எங்கள் போட்டோவுக்கு எத்தனை லைக், அவர்களுடையதுக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

அந்த வாரமே இரண்டு கட்சியும் தனித்தனியாகக் கடிதம் எழுதின. அடுத்த மாதம், 2018 ஒக்டோபரில், மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவர் இல்லாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடியது. அதே மாதம் 26ஆம் திகதி கொழும்பில் பிரதமரையே மாற்றி, நாட்டில் ஐம்பது நாள் யார் அமைச்சர் என்று தெரியாமல் இருந்தது. எங்கள் கடிதம் யாருக்கு முகவரியிட்டிருந்ததோ அந்தக் கதிரையே காலி.

லொறிதான் கட்சி

இளைஞர்கள் ஏன் கட்சியை விட்டு அசைவதில்லை என்று கொழும்புப் பக்கம் கேட்பார்கள். ஜாதி, தலைவர் மோகம், படிப்பில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எங்களிடம் கட்சியும் சங்கமும் பிரிக்க முடியாதவை; மலையகக் கட்சிகள் பெரும்பாலும் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவை. 1939இல் தொடங்கிய இலங்கை இந்தியக் காங்கிரஸ்தான் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. 1965இல் வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி எண்பதுகளின் கடைசியில் வந்தது. சங்கச் சந்தா சம்பளத்தில் பிடிபடும். ஆகவே ஒரு வீட்டின் கட்சி எது என்பது தோட்டத்து ஒபிசுக்கே தெரியும். 2021இல் சங்கங்களும் கம்பெனிகளும் செய்திருந்த சம்பளக் கூட்டு ஒப்பந்தம் முறிந்து சந்தா பிடிப்பும் நின்றபின் அது கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் நான் பார்த்த விசுவாசம் சந்தாவில் இல்லை. அது லொறியில் இருந்தது.

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் என்ன செய்வது? தோட்டத்துச் சங்கத் தலைவரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர் சின்னத்துரைக்கு, அதாவது உதவி மேனேஜருக்கு, போன் போட வேண்டும். துரை சரி என்றால் ட்ரைவரை எழுப்பி லொறி எடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் பெரிய சங்கத்தின் தலைவர் சொன்னால் லொறி இருபது நிமிடத்தில் வரும். சின்னச் சங்கத்தின் தலைவர் சொன்னால் டீசல் இல்லை, ட்ரைவர் இல்லை. இது தெரிந்த ஒரு தாய் தன் மகனை எந்தக் கட்சியில் இருக்கச் சொல்லுவாள்? மகளுக்கு மாசமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சங்கம் மாறிய குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்தபின் பழைய சங்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். நாங்கள் அவர்களைத் துரோகி என்றோம்.

டிஸ்பென்சரியை அரசாங்கம் எடுத்தால், 1990 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வருகிற இலவச அம்பியூலன்ஸ் லயம் வரை வந்தால், தலைவர் வீட்டுக் கதவைத் தட்டத் தேவையில்லை. அதாவது நாங்கள் பிரசுரத்தில் கேட்ட சீர்திருத்தம் நிறைவேறினால் முதலில் குறைவது எங்கள் சொந்தத் தலைவர்மாரின் பிடிதான். அவர்கள் அதை வேண்டுமென்றே தடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் அதற்காக இரண்டாம் தடவை யாரும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறவும் இல்லை.

தொழிலாளிகளுக்கும் பயம் இருந்தது. நாங்கள் வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டி கேட்டார்: "கவர்மெண்டு எடுத்துட்டா லொறி யாரு குடுப்பா? வேலைக்கு லீவு துண்டு யாரு எழுதுவா?" டிஸ்பென்சரித் துண்டு இருந்தால்தான் வராத நாளுக்குத் துரையிடம் பதில் சொல்ல முடியும். சீர்திருத்தம் என்று பேசிய எங்களில் ஒருவரிடமும் அந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை. அந்தப் பாட்டி எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக யோசித்திருந்தார் என்று இப்போது படுகிறது.

ஒரே கடிதம்

கிளார்க் அம்மாவின் மேசைக்குத் திரும்புவோம். அவர் அன்று எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார். கட்டடம் நிற்கும் துண்டு நிலத்தைக் குத்தகையிலிருந்து கம்பெனி விடுவிக்க வேண்டும். அதற்கு அளவைப் படம் வேண்டும். விடுவித்தால் மாகாண சுகாதாரத் திணைக்களம் பொறுப்பேற்கலாம். பொறுப்பேற்றால் ஆள் வேண்டும். ஆளணிக்குத் திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்திடம் அனுமதி வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "தலைவர் கடிதம் இதுக்கு வேணாம் மல்லி, தோட்டத்து லெட்டர்தான் வேணும்" என்றார். எங்கள் இரண்டு கடிதத்திலும் பெரிய தலைவரின் பரிந்துரைக் கையெழுத்து இருந்தது. கம்பெனியின் ஒரு வரி இருக்கவில்லை.

திரும்பும்போது ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

ஒன்றாக ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தோம். இருவருமே தமிழில் மட்டும் எழுதத் தெரிந்தவர்கள். தமிழில் எழுதுவது நமது உரிமை, 13ஆவது திருத்தமே தமிழையும் ஆட்சிமொழியாக்கியது, அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் பேசினேன். அவனுடைய தங்கச்சி, கொழும்பில் நான்கு வருடம் துணிக்கடையில் வேலை செய்துவிட்டு வந்தவள், கேட்டுக்கொண்டிருந்தாள். "உரிமைய வச்சுக்கங்கண்ணே. அந்தப் பைலு மொழிபெயர்ப்புக்குப் போயி வர அஞ்சு மாசம் ஆச்சுல்ல? பக்கத்துல சிங்களத்துலயும் எழுதிக் குடுப்போம்" என்றாள். எழுதியவளும் அவள்தான். தோட்டத்தின் இரண்டு பெயரையும் முதல் வரியில் போட்டாள். அவளுக்கு எந்தக் கட்சியும் இல்லை. எங்கள் இளைஞர் அணியில் பெண்கள் என்று இரண்டு பெயர் இருந்தது, இரண்டும் பதிவுக்காக.

கையெழுத்து வாங்கும் போதுதான் கட்சியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஹட்டனில் ஓர் அறை, மேலே மூன்று படம், கீழே மாவட்டப் பொறுப்பாளர். கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்தார். "இது நம்ம கேசு தம்பி. செத்தது நம்ம சங்கத்து ஆளு. அவங்களோட சேந்து கையெழுத்துப் போட்டா நாளைக்குப் பேரு அவங்களுக்குப் போகும். அடுத்த எலக்‌ஷன்ல ஒன் பேரு லிஸ்ட்ல இருக்கு, தெரியும்ல?" அவனுக்கும் அவனுடைய ஒபிசில் அதே வாரம் அதே பேச்சு, தேநீர் மட்டும் இல்லையாம்.

நான் பின்வாங்கினேன். அவன் வாங்கவில்லை. இந்த நிகழ்வில் என் பங்கு என்னவென்று கேட்டால் அதுதான் பதில். என் கையெழுத்து இல்லாமல்தான் கடிதம் போனது. 2020 ஓகஸ்ட் பொதுத்தேர்தலில் நான் மேடையில் இருந்தேன். அவனை அவனுடைய கட்சி நீக்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

கொவிட் சொல்லிக்கொடுத்தது

2020, 21இல் பார்த்த ஒன்று எங்கள் கணக்கைப் புரட்டிப்போட்டது. அதுவரை அரசாங்கம் தோட்டத்துக்குள் வர நிலம் வேண்டும், கட்டடம் வேண்டும், குத்தகை விடுவிப்பு வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். கொவிட் வந்ததும் சுகாதாரப் பரிசோதகர் லயத்து வாசலில் நின்றார். பீசீஆர் எடுத்தார்கள். தடுப்பூசியைப் பள்ளிக்கூடத்திலேயே போட்டார்கள். எந்தத் துரையும் கேட்டைச் சாத்தவில்லை, எந்தத் தலைவரின் பரிந்துரையும் தேவைப்படவில்லை. குடும்பநல மாது ஏற்கெனவே வந்து போகிறவர்தானே என்று தங்கச்சி சொன்னாள். உண்மைதான்; பல வருடமாக எங்கள் கர்ப்பிணிகளை எடை பார்ப்பது அரசாங்கத்தின் ஆள்தான். அதை நாங்கள் அரசியலாகவே எண்ணவில்லை, அதற்கு அடிக்கல் இல்லையே.

சரி, கட்டடத்தைக் கேட்காமல் ஆளைக் கேட்போம் என்று இரண்டாவது கடிதம் போனது. பிள்ளைக் காம்பராவில் மாதம் இரண்டு முறை நடமாடும் கிளினிக், பிரஷரும் சீனியும் பார்க்க, மருந்து கொடுக்க. அது சுகாதார வைத்திய அதிகாரியின் மட்டத்திலேயே முடிகிற விஷயம். இந்த முறை நானும் கையெழுத்துப் போட்டேன். துணிச்சல் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அதற்குள் என் கட்சியில் வேறொருவர் செயலாளராகியிருந்தார்.

கிளினிக் நடந்தது. 2022இல் டீசல் இல்லாமல் நின்றது, மருந்தும் இல்லை. அடுத்த வருடம் மாதம் ஒருமுறையாக மீண்டும் தொடங்கியது. பாட்டியின் கேள்விக்கும் ஒரு விதமாக விடை கிடைத்தது: கிளினிக் அட்டையைக் காட்டினால் துரை அந்த நாளை ஏற்றுக்கொள்கிறார். எழுத்தில் இல்லை. துரை மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

சிவப்புச் சட்டை

2024 நவம்பரில் மலைநாடு வேறு மாதிரி வாக்களித்தது. நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனத்தில் ஐந்து, அந்த ஆண்டு ஆட்சியைப் பிடித்த இடதுசாரி அணியான தேசிய மக்கள் சக்திக்கு. கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல் என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். என் நண்பன் அந்தப் பக்கம் போய்விட்டான். பழைய விசுவாசம் முடிந்தது என்று எழுதினார்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. வென்ற அடுத்த வாரமே டிஸ்பென்சரி விஷயமாக அவன் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். "ஒங்க ஆளுக தானே இப்ப, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்கள். லொறிக்காகத் தட்டிய அதே தட்டுதான், கதவுதான் வேறு. அவன் அவர்களைக் கிளார்க் அம்மாவின் மேசைக்கு அனுப்பினான். கோபித்துக்கொண்டு போனார்கள். இவன் பெரிய ஆளாகிவிட்டான், உதவி செய்யமாட்டேன் என்கிறான் என்று பேச்சு.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனுவில் நான்கில் ஒரு பங்கு 35 வயதுக்குட்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று புதிய விதி. எல்லாக் கட்சியும் பிறப்புச் சான்றிதழ் தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்தன. எனக்கு 34. அதே மாவட்டப் பொறுப்பாளர் மறுபடி கூப்பிட்டார். "சும்மா பேருக்கு ஒரு கையெழுத்து தம்பி, லிஸ்ட் நெரம்பணும்." தங்கச்சியிடமும் கேட்டிருக்கிறார்கள், மூன்று கட்சி. அவள் மூவரிடமும் ஒரே நிபந்தனை சொன்னாள்: கம்பெனியிடம் நிலம் விடுவிக்கும் கடிதத்தை வாங்கிக் கொடுங்கள், அப்புறம் கையெழுத்து. ஒருவரும் திரும்பி வரவில்லை. நானும் போடவில்லை. ஆனால் அவளைப் போல் எதையும் கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனியின் கடிதம் கடைசியில் போன வருடம் வந்தது. வாங்கியவள் அவள்தான், துரையின் ஒபிசில் நாலு முறை காத்திருந்து. அளவையாளர் வர வேண்டும். போன மாதம் நாங்கள் மூவரும் சுகாதார அலுவலகத்துக்குப் போனோம். பழைய கிளார்க் அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் நல்ல பிள்ளை, தமிழும் பேசுகிறார். அலுமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் தேடினார். கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று மறுபடி உள்ளே போனார்.